குவைத் நேரம்

இல்லைக்கா, இதை மேலே வைக்க முடியாது. நீங்கள் சொன்னதில் தப்பில்லை. குக்கர் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நீங்களே ஒடுங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்தில் நான் ஒருத்தி இத்தனை பெரிய பையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இடிக்கிறேன். ஆனால் மேலே போட்டால் அடுத்த வேகத்தடையில் டிரைவர் ஒரு தூக்குத் தூக்கிப் போடுவார், அத்தோடு இது செத்துப்போகும். உள்ளே லேப்டாப். இன்றைக்கு ஒரு நாளில் இதற்கு நான் பார்த்த சேவகம் பிள்ளை பெற்றவளுக்குக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கேட்டை வேறு போட்டுவிட்டார்கள். இந்த லைனில் ஒரு நாளைக்கு எத்தனை ரயில்தான் போகும்? நான் வரும்போதெல்லாம் மூடித்தான் கிடக்கிறது. காலையில் போகும்போதும் இதே கேட், இதே மாதிரி இஞ்சினை அணைத்துவிட்டு டிரைவர் இறங்கிப் போய்விட்டார். காலையில் நின்ற இருபது நிமிடத்தில் என் வாழ்க்கையே போய்விட்டது என்று நினைத்தேன். இப்போது நின்றால் நிற்கட்டும். நீங்களும் மீமிசல்தானே? அப்படியானால் கேளுங்கள். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு ஒரு நியாயத்தையாவது தீர்த்து வைக்கலாம்.

என் பெயர் சிவரஞ்சனி. சமூகவியல் எம்.ஏ. முடித்துவிட்டேன். பிஎச்.டி. சேர வேண்டும். அதற்கு ஆய்வுத் திட்டம் என்று நாற்பத்தொரு பக்கம் எழுதி இன்றைக்கு மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து என்றால் ஐந்துதான். ஐந்து ஒன்றுக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், அப்புறம் அடுத்த வருடம். எங்கள் வீட்டில் அடுத்த வருடம் என்ற பேச்சே கிடையாது. போன மாதமே அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிட்டான், இந்தத் தடவை கிடைத்தால் படி, இல்லையென்றால் ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டு ஊருக்கு வந்து பி.எட். சேர்ந்துவிடு என்று. நான் ஒன்றேகால் மணி நேரம் வாதாடினேன். கடைசியில் நெட் சரியில்லை என்று வைத்துவிட்டான். வாதத்தில் தோற்கிறவர்களுக்கெல்லாம் சரியாக அந்த நேரத்தில் நெட் போய்விடுகிறது, கவனித்திருக்கிறீர்களா?

அண்ணன் பெயர் பாலகுரு. குவைத்தில் இருக்கிறான். அப்பா இறந்து ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் அம்மா மட்டும்தான், நான் லீவுக்கு லீவு வருவேன். இந்த லேப்டாப் அவன் கொண்டுவந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்தபோது, அங்கே யாரோ பழசாகக் கொடுத்ததை வாங்கி வந்தான். தங்கச்சிக்கு லேப்டாப் வந்திருக்கிறது என்று தெருவெல்லாம் பேச்சு. திறந்து பார்த்தால் பொத்தான் பூராவும் அரபி எழுத்து. அது பரவாயில்லை, விரல் பழகிவிட்டது. ஆனால் திடீர் திடீரென்று அரபியில் ஏதாவது கேட்கும். அதில் ஆமாம் என்பது எது, இல்லை என்பது எது? வலது பக்கம் இருப்பதை அமுக்கினால் பெரும்பாலும் நல்லது நடக்கும் என்று நானாகக் கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும்தான். ஒரு தடவை வலது பக்கத்தை அமுக்கப் போய், 'புதுப்பிக்கிறேன், அணைக்காதே' என்று சொல்லிவிட்டு ஒரு பகல் முழுக்க முப்பத்து நாலு சதவீதத்திலேயே நின்றது. அன்றைக்கு எனக்கு வகுப்பில் கட்டுரை வாசிக்கிற முறை. வாயாலேயே வாசித்தேன்.

மூடியைச் சாத்தினால் தூங்கும், எழுந்திருக்காது. அழுத்தி அழுத்தி எழுப்பினால் நீலமாக ஒரு திரையைக் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். உள்ளே காற்றாடி சுத்தினால் கிரைண்டர் ஓடுகிற சத்தம், ஹாஸ்டலில் பக்கத்து அறைக்காரி மாவு ஆட்டுகிறாயா என்று கேட்பாள். பேட்டரி இருபது நிமிடம் தாங்கும், அதற்கு மேல் ஒரு எழுத்து அடிக்க முடியாது. இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பழைய சாமான், அதற்கும் உடம்புக்கு முடியாமல் போகும்.

பொறுக்க முடியாதது வேறு. அதில் அண்ணன்தான் அட்மின். நான் கெஸ்ட். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், வீட்டுக்குக் குடியிருக்க வந்தவள் நான், சாவி அவனிடம். எதைச் செய்யப் போனாலும் ஒரு பெட்டி வந்து நடுவில் நிற்கும். அந்தப் பெட்டியில் அவன் படம், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு, பின்னால் ஏதோ கோபுரம். பாலகுருவின் பாஸ்வேர்டைப் போடு என்று கேட்கும். தமிழ் எழுத்து ஒன்று ஏற்ற வேண்டுமா, பெட்டி. பிரிண்டரைச் சேர்க்க வேண்டுமா, பெட்டி. பென்டிரைவ் சொருக வேண்டுமா, அதற்கும் பெட்டி. ஏனென்றால் ஒரு தடவை எவனோ கொடுத்த பென்டிரைவில் வைரஸ் வந்து அவன் சேர்த்து வைத்திருந்த போட்டோவெல்லாம் போய்விட்டதாம். அது நடந்தது அவன் கம்பியூட்டரில், தண்டனை எனக்கு. பாஸ்வேர்டைக் கொடு என்றால் கொடுக்க மாட்டான். 'உன் கையில குடுத்தா நீ கண்டதையும் ஏத்துவே. என் பேப்பரெல்லாம் அதுலதான் கிடக்கு' என்பான். பாஸ்போர்ட் காப்பி, விசா காப்பி, எல்லாம் ஸ்கேன் பண்ணி அதில் போட்டு வைத்திருக்கிறான். பரிசு கொடுத்த பொருளில் தன் பீரோவையும் சேர்த்துக் கொடுத்தால் அது பரிசா?

இன்னொன்று கேளுங்கள். இதில் மணி, குவைத் மணி. நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்னால். மாற்றப் போனால் பெட்டி. இரண்டு வருடமாக நான் மூலையில் இருக்கிற மணியைப் பார்த்து இரண்டரையைக் கூட்டிக் கூட்டித்தான் வாழ்கிறேன். கேட்டதற்கு, எம்.ஏ. படிக்கிற பெண்ணுக்கு இரண்டரையைக் கூட்டத் தெரியாதா என்றான். கூட்டத் தெரியும். ஏன் கூட்ட வேண்டும் என்பதுதான் கேள்வி. நான் மீமிசலில் உட்கார்ந்து எழுதுகிறேன், எனக்கு ஏன் குவைத்தில் விடிய வேண்டும்?

என் ஆய்வு எதைப் பற்றி என்று கேட்டீர்களானால் சிரிப்பீர்கள். குடும்பத்தில் எந்த முடிவை யார் எடுக்கிறார்கள், பெண்கள் எதற்கெல்லாம் அனுமதி கேட்கிறார்கள் என்பது. மூன்று ஊரில் அறுபது பெண்களைப் பார்த்துப் பேசி எடுத்திருக்கிறேன். அம்மாகூட ஒரு நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, 'ஊரெல்லாம் கேக்குறியே, என்னைய ஒண்ணும் கேக்கலையே' என்றாள். அப்படியெல்லாம் சொந்த வீட்டில் எடுக்கக் கூடாதும்மா, அது முறை கிடையாது என்று சொல்லிப் புரிய வைத்தேன். தலையை ஆட்டினாள். பாவம், அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அஞ்சாவது வரைக்கும்தான் படித்தவள்.

சரி, இன்றைக்கு வருகிறேன். நேற்று ராத்திரியே முடித்துவிட்டேன், முடிவுரையில் ஒரு வாதம் மட்டும் பாக்கி. காலையில் உட்கார்ந்து எழுதி, பத்து மணிக்கு ஏற்றிவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம் என்று கணக்கு. ஒன்பதுக்கு கரண்ட் போய்விட்டது. மாதாந்திரப் பராமரிப்பாம், காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் நம் ஊர்ப் பக்கம் பூராவும் கிடையாதாம். உங்கள் தெருவிலும் போயிருக்குமே. முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா என்று கத்தினேன். அம்மா நேற்று சாயங்காலமே சொன்னாளாம். நான் அப்போது போனில் ஒருத்தியோடு வாதாடிக்கொண்டிருந்தேனாம். சொல்வதென்றால் காதில் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும் இல்லையா?

நான் விடவில்லை. பேட்டரியில் இருபது நிமிடம் இருக்கிறதே. கடைசிச் சொட்டு வரைக்கும் உறிஞ்சி அந்த வாதத்தை முடித்தேன். சேமித்தேன். சேமித்த மறு நொடி இருட்டு. அங்கேதான் வினை. உள்ளே வாட்ச்சுக்குப் போடுகிற மாதிரி வட்டமாக ஒரு குட்டி பேட்டரி இருக்கிறது, தேதியை அதுதான் ஞாபகம் வைத்திருக்கும். அது செத்து இரண்டு வருடம். ரிப்பேர் கடைக்காரர் அப்போதே மாற்றச் சொன்னார். நான்தான், நீங்கள் தேவையில்லாததையெல்லாம் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று அவரோடு வாதாடி, அவரே சரி வேண்டாம் விடும்மா என்று சொல்லும்படி பண்ணிவிட்டு வந்தேன். பெரிய பேட்டரியில் துளி சார்ஜ் இருக்கிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. சுத்தமாக வற்றிவிட்டால் தேதி ஓடிவிடும்.

பஸ் பிடித்து, இந்தக் கேட்டில் நின்று, அறந்தாங்கி வந்து இறங்கும்போது பதினொன்றரை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. அமலி என்று ஒரு அக்கா நடத்துகிறார். ஒரு பிளக் பாயிண்ட் கொடுங்கள் என்றேன். லேமினேஷன் மெஷினைக் கழற்றிவிட்டு எனக்குக் கொடுத்தார். நல்ல மனுஷி. லேப்டாப் முனகி முனகி எழுந்தது. மூலையில் பார்க்கிறேன், 2010, ஜனவரி ஒன்று, நள்ளிரவு. நான் அப்போது நாலாவது படித்துக்கொண்டிருந்தேன்.

தேதி தப்பாக இருந்தால் என்ன என்று நினைப்பீர்கள். இணையத்தில் ஒரு பக்கமும் திறக்காது அக்கா. உன் கடிகாரம் சரியில்லை, உன்னை நம்ப முடியாது என்று ஒவ்வொரு தளமும் முகத்தில் அடித்த மாதிரி சொல்கிறது. சரி, தேதியை மாற்றுவோம் என்று போனால், வந்து நிற்கிறான் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு.

இதற்கு முன்னால் ஒரு தடவை இப்படி ஆனபோது அவன் லீவில் வீட்டில் இருந்தான். ஏ.டி.எம்.மில் அடிக்கிற மாதிரி ஒரு கையால் மறைத்துக்கொண்டு மறு கையால் அடித்துச் சரி பண்ணினான். நான் என்ன எட்டியா பார்க்கப்போகிறேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்றைக்கு அதை நினைத்து என்னையே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டான், தெரியும். அவன் வேலை செய்கிற இடத்தில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போதுதான் கையில் கிடைக்கும். அவன் ஷிப்ட் முடிவது அங்கே நாலு மணிக்கு. இரண்டரையைக் கூட்டுங்கள். ஆறரை. எனக்கு ஐந்து மணிக்குள் வேண்டும்.

பென்டிரைவில் எடுத்து அமலிக்கா கம்பியூட்டரில் போடலாமே என்றால், அதற்குத்தான் பெட்டி. செல்போனுக்கு அனுப்பலாமே என்றால், இதில் அந்த வசதி வாங்கின நாளிலிருந்தே வேலை செய்வதில்லை. திரையை அப்படியே போட்டோ பிடியுங்கள் என்று ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் சொன்னார். நாற்பத்தொரு பக்கத்தையும் கோணல்மாணலாகப் போட்டோ எடுத்து அனுப்பினால் அது ஆய்வுத் திட்டமா, கல்யாண ஆல்பமா என்று கேட்டேன். அவர் ஏதோ சொல்ல வந்தார், விடவில்லை. ஹாஸ்டலில் என் அறைத்தோழி மும்தாஜ் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள், ஒரு பிரதியை இணையத்தில் போட்டு வைத்துக்கொள் என்று. என் அறுபது பெண்கள் என்னை நம்பிச் சொன்னதை முகம் தெரியாத ஒரு கம்பெனியின் கையில் கொடுப்பேனா? கொள்கை என்று ஒன்று இருக்கிறது. அந்த வாதம் இன்றைக்கும் சரிதான், நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா கூப்பிட்டாள். சாப்பிட்டாயா என்றாள். எனக்கு வந்த கோபத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். தேதி போய்விட்டது, அண்ணன் பாஸ்வேர்டு இல்லாமல் ஒன்றும் ஓடாது, அவன் போனை எடுக்க மாட்டேன் என்கிறான், நான் பி.எட். சேர்ந்து சாக வேண்டியதுதான், சந்தோஷம்தானே என்று. 'இரும்மா, நான் ஒண்ணு...' என்று ஆரம்பித்தாள். வை, லைன் பிஸியாக இருந்தால் அண்ணன் கூப்பிட்டாலும் கிடைக்காது என்று வைத்துவிட்டேன்.

அதற்கப்புறம் நாலு மணி நேரம் ஒரு முக்காலி. வலது பக்கம் ஜெராக்ஸ் மெஷின், அதன் சூடு முழுக்க என் தோளில். இடது பக்கம் சுவர். ஒயர் குட்டை, லேப்டாப்பை ஒரு ஜாண் நகர்த்த முடியாது, பிளக்கை எடுத்தால் மறுபடி அணைந்துவிடும். பாத்ரூமுக்கு ஓடிப் போய்விட்டு ஓடி வந்தேன், யாராவது ஒயரை இடறிவிடுவார்களோ என்று. வருகிற போகிற எல்லோரும் என் திரையை எட்டிப் பார்க்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது? அண்ணன் படமும், கீழே காலியாக ஒரு கட்டமும். நான் எனக்குத் தெரிந்ததையெல்லாம் அடித்துப் பார்த்தேன். அவன் பிறந்த தேதி, அம்மா பெயர், அவன் பழைய பைக் நம்பர், அவனுக்குப் பிடித்த கிரிக்கெட்காரர். தப்பு, தப்பு, தப்பு. ஐந்து தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால் அரை மணி நேரம் காத்திரு என்று பூட்டிக்கொள்ளும். அது காத்திரு என்பது எந்த மணியில்? ஜனவரி ஒன்று, 2010.

இதற்கு நடுவில் அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். வெட்டினேன். மறுபடி கூப்பிட்டாள். வெட்டினேன். பதினோரு தடவை அக்கா, எண்ணிப் பார்த்தேன். சாப்பிட்டாயா என்பதைத் தவிர என்ன கேட்கப்போகிறாள்? வீட்டில் வேறு யாருக்காவது தெரிந்திருக்குமா பாப்பா என்று அமலிக்காகூட இரண்டு தடவை கேட்டார். அம்மா மட்டும்தான் இருக்கிறாள், அவளுக்கு லேப்டாப்பைத் துடைக்கத் தெரியும், அவ்வளவுதான் என்றேன்.

நாலு இருபது. எனக்கு அழுகை வந்துவிட்டது. கடை முழுக்க ஆட்கள், ஸ்காலர்ஷிப் பாரம் நிரப்புகிற பிள்ளைகள், பத்திரக் காப்பி எடுக்க வந்த பெரியவர்கள், நடுவில் நான். அப்போது பன்னிரண்டாவது தடவையாக அம்மா. திட்டித் தீர்த்துவிடலாம் என்றுதான் எடுத்தேன்.

அம்மா என்னைப் பேச விடவில்லை. 'எழுதிக்கிறியா, சொல்றேன். மொதல்ல ஒரு பெரிய எழுத்து' என்றாள்.

என்னது என்றேன்.

'அண்ணன் நம்பரு. அந்தப் பெட்டிக்கு.'

சொன்னாள் அக்கா. பெரிய எழுத்து இன்னது, அப்புறம் நாலு சின்ன எழுத்து, நடுவில் கீழே ஒரு கோடு, அதற்கப்புறம் ஆறு நம்பர். ஒரு இடத்தில் தடுமாறவில்லை. என்ன எழுத்து என்று உங்களிடம் சொல்ல மாட்டேன், இப்போது அது மாறிவிட்டது என்றாலும். உனக்கு எப்படிம்மா தெரியும் என்று கேட்டேன். போன தடவை ஏர்போர்ட்டுக்குக் கிளம்புகிற அன்றைக்கு அவனே சொல்லிக் கொடுத்தானாம். எனக்கு அங்கே ஏதாவது ஒன்று ஆகிவிட்டால் பேப்பரெல்லாம் இதில்தான் இருக்கிறது, ஆள் வைத்துத் திறந்து எடுத்துக்கொள், எங்கேயும் எழுதி வைக்காதே, ரஞ்சனியிடம் மட்டும் சொல்லிவிடாதே என்று கையில் அடித்து சத்தியம் வாங்கினானாம். அன்றிலிருந்து சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது ஒரு தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வாளாம், மறந்துவிடக் கூடாதே என்று. நான் ஹாஸ்டலில் இருந்து வரும்போதெல்லாம் பார்த்திருக்கிறேன், வாய் அசையும். ஏதோ சுலோகம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம். என் வீட்டிலேயே இருந்திருக்கிறது அக்கா. ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். சத்தியம் பண்ணினேனே என்றாள். இன்றைக்கு மட்டும் எப்படி என்றேன். 'இன்னைக்கு நீ செத்துருவேன்னு சொன்னியே' என்றாள். பி.எட். பற்றித்தான் சொன்னேன், அது ஒரு பேச்சுக்கு. இதெல்லாம் அம்மாவுக்குப் புரியாது.

வைக்கப் போகும்போது ஒன்று சொன்னாள். 'நான் சொன்னேன்னு அவனுக்குத் தெரிய வேண்டாம் ரஞ்சனி. நீயாவே கண்டுபிடிச்சேன்னு இருக்கட்டும்.' சரி சரி என்றேன். எனக்கு நேரம் ஓடுகிறது.

அந்தக் கட்டத்தில் போட்டேன். கூலிங் கிளாஸ் மறைந்தது. தேதியை மாற்றினேன், மணியையும் மாற்றினேன். நாலு முப்பத்தாறு, இந்திய நேரம். மூலையில் சரியான மணியைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. தளம் திறந்தது. நாற்பத்தொரு பக்கமும் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறிற்று. கடை முழுக்க என் பின்னால் நின்று பார்த்தார்கள், அந்தப் பத்திரக் காப்பிக்காரர்கள்கூட. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பெறப்பட்டது என்று எண்ணோடு வந்தது. அமலிக்கா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

கதை அத்தோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். எனக்குக் கோபம் அதற்கப்புறம்தான் வந்தது. யோசித்துப் பாருங்கள். அஞ்சாவது படித்த அம்மாவிடம் சொல்லலாம், எம்.ஏ. படித்த தங்கச்சியிடம் சொல்லக் கூடாது. அப்படியானால் படிப்புக்காக அவன் பயப்படவில்லை, லேப்டாப்புக்காகவும் பயப்படவில்லை. அப்புறம் எதற்கும் அவனிடம் அனுமதி கேட்க மாட்டேன் என்பதற்காகத்தான் பயப்படுகிறான். இரண்டு வருடமாக இந்தப் பாயிண்ட் என் கையில் இல்லை. இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

டீயைக் குடித்துக்கொண்டே முதல் வேலையாக என்னை அட்மின் ஆக்கினேன். பாஸ்வேர்டை மாற்றினேன். அவனைக் கெஸ்ட் ஆக்கினேன். அவன் படத்தையும் எடுத்துவிட்டு வெறும் சாம்பல் நிறத்தில் ஒரு தலை விட்டுவிட்டேன். அப்புறம் அவனுக்குக் குரலிலேயே ஒரு மெசேஜ் அனுப்பினேன். கேட்கிறீர்களா? வேண்டாம், பஸ்ஸில் எல்லோருக்கும் கேட்கும், நானே சொல்கிறேன்.

'அண்ணே, ரெண்டு வருஷமா அம்மாவை நம்பினே, என்னைய நம்பலை. இன்னைக்கு அந்த அம்மாவே உன் பாஸ்வேர்டை எனக்குச் சொல்லிருச்சு. நீ வாங்கின சத்தியத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு. ஏன் தெரியுமா, அது நியாயமில்லாத சத்தியம். இப்ப நான் அட்மின், நீ கெஸ்ட். இதுக்குப் பதில் இருந்தாச் சொல்லு.'

எப்படி? ஒரு வார்த்தை அதிகமில்லை.

அமலிக்காதான், ஏன் பாப்பா, அம்மா பேரை எடுக்காமல் சொல்லியிருக்கலாமே என்றார். எப்படிச் சொல்வது? நானாகக் கண்டுபிடித்தேன் என்று பொய் சொல்லச் சொல்கிறீர்களா? பொய்யில் நிற்கிற வாதம் வாதமா? மேலும் அம்மா சொன்னாள் என்பதுதான் இதில் உயிரே. அதை எடுத்துவிட்டால் நான் திருடினவள் ஆகிவிடுவேன். இதையெல்லாம் எடுத்துச் சொன்னேன். அமலிக்கா மெஷின் பக்கம் போய்விட்டார். ஒத்துக்கொண்டார் என்றுதானே அர்த்தம்?

அம்மா என்ன ஆவாள் என்றா கேட்கிறீர்கள்? என்ன ஆகும், ஒன்றும் ஆகாது. அவனுக்குக் கோபம் வந்தால் போன் பேச மாட்டான், அவ்வளவுதானே. போன வருடம் வெயிலில் மயங்கி விழுந்ததை அம்மாவிடம் மட்டும் சொல்லி, யாரிடமும் சொல்லாதே என்றான். அம்மா தாங்க முடியாமல் மாமாவிடம் சொன்னாள், மாமா அவனையே கூப்பிட்டு விசாரித்துவிட்டார். மூன்று மாதம் அம்மாவோடு பேசவில்லை. அவன் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரத்துக்கு அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு சீரியல் சத்தத்தைக் குறைத்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். மூன்று மாதமும் அப்படித்தான். அப்போதும் நான் சும்மா இருக்கவில்லை. பெற்றவளுக்கும் பேச்சுரிமை உண்டு என்று அவனுக்கு நீளமாக ஒரு மெசேஜ் எழுதினேன்.

அட, ரயில் போய்விட்டது போலிருக்கிறது. கேட்டைத் தூக்குகிறார்கள். டிரைவரைத்தான் காணவில்லை.

இருங்கள், வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். ஏற்றிவிட்டேன் என்றுகூட இன்னும் சொல்லவில்லை, மெசேஜ் அனுப்புகிற அவசரத்தில் மறந்துவிட்டது. கேட்டில் நின்றதிலிருந்து உங்களோடு பேசிக்கொண்டே போட்டுப் போட்டுப் பார்க்கிறேன், பிஸி என்றே வருகிறது. யாரோடு பேசுவாள்? அவள் குழம்பிவிடுவாள் என்று நான்தான் நாலே நாலு நம்பர் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மாமா இந்நேரம் கடையில் இருப்பார், பேச மாட்டார். பக்கத்து வீட்டுக்குப் போன் தேவையில்லை, சுவர் தாண்டியே பேசிக்கொள்வார்கள். நான் இங்கே இருக்கிறேன். அப்படியானால் அண்ணன்தான். ஏழு மணி ஆகிறது, அங்கே நாலரை. போன் கையில் வந்திருக்கும். ஆமாம், பாருங்கள், நான் அனுப்பியதைக் கேட்டுவிட்டான், நீல டிக் விழுந்திருக்கிறது.

கேட்டுவிட்டான், எனக்கு ஒரு வார்த்தை பதில் இல்லை. பார்த்தீர்களா? பதில் இருந்தால்தானே சொல்ல. என்னோடு பேச முடியாது என்று தெரிந்துதான் அம்மாவைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். சொல்லட்டும், அவளிடமாவது ஒத்துக்கொள்ளட்டும்.

இன்னொரு தடவை போடுகிறேன்.

பிஸிதான். இருபத்தைந்து நிமிடமாகிறது அக்கா. அம்மா அவ்வளவு நேரம் யாரோடும் பேச மாட்டாள். கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.